மூன்று நிமிடத்தில் பத்துக் கோடி

(கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு வீட்டுக் கூடம். கிரைண்டரில் அரைபடும் மாவின் பதத்தைக் கைப்பேசிக்குச் சொல்லும் சிறு கருவியொன்றைச் செய்து விற்கும் கதிரவன், மறுநாள் காலை முதலீட்டாளர்கள் முன்பு ஐம்பது லட்சம் ரூபாய் கேட்டு மூன்றே நிமிடம் பேச வேண்டும். பதிவு பெற்ற சீட்டு நிறுவனமொன்றில் ஏலம் நடத்தும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அவனுடைய அத்தை சரஸ்வதி, ஒத்திகைக்காக முதலீட்டாளர் வேடம் ஏற்று ஊஞ்சலில் அமர்ந்திருக்கிறார். மடியில் ஒரு பழைய கணக்கு நோட்டு, கையில் பூஜை அறையிலிருந்து எடுத்து வந்த மணி.)

கதிரவன்: அத்தை, ஊஞ்சலை ஆட்டாமல் உட்காருங்கள். முதலீட்டாளர் முன்னும் பின்னும் போய்வந்தால் எனக்குக் கண் பார்த்துப் பேச வராது.

சரஸ்வதி: பணம் கொடுக்கிறவர்கள் ஒரே இடத்தில் நிற்க மாட்டார்கள், கண்ணு; இப்போதே பழகிக்கொள். கடிகாரம் ஓடுகிறது, பேசு.

கதிரவன்: மதிப்புக்குரிய முதலீட்டாளர்களே, வணக்கம். மனிதன் தானியத்தைக் கல்லில் வைத்து அரைக்கத் தொடங்கிய ஆதிகாலம் தொட்டு, சிந்து சமவெளியில் கிடைத்த அரைகற்கள் வழியாக, நம் பாட்டிமார்களின் ஆட்டுக்கல்லும் அம்மியும் ஒவ்வொரு வீட்டிலும் பண்பாட்டின் சாட்சியாக விளங்கி வந்த நீண்ட நெடிய பயணத்தில், இயந்திரப் புரட்சி குறுக்கிட்டபோது...

சரஸ்வதி: நிறுத்து. ஐம்பத்தெட்டு நொடி போய்விட்டது, நீ இன்னும் கோயம்புத்தூருக்கே வந்து சேரவில்லை. இருக்கும் மூன்று நிமிடத்தில் ஒரு நிமிடத்தை ஹரப்பாவில் செலவழித்துவிட்டு, மீதி இரண்டு நிமிடத்தில் எந்த ரயிலைப் பிடித்து இங்கே வருவாய்?

கதிரவன்: கேட்பவர்களின் உணர்ச்சியைத் தொட வேண்டும் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்.

சரஸ்வதி: உணர்ச்சியைத் தொடுவது தவறில்லை. ஆனால் என்ன விற்கிறாய் என்பது தெரிவதற்கு முன்பே தொட்டால், எதற்காக அழவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. இரண்டாவது முறை சொல். முதல் வாக்கியத்திலேயே கருவி வந்துவிட வேண்டும்.

கதிரவன்: சரி. கிரைண்டரின் பிளக்குக்கும் சுவர்ப் பிளக்குக்கும் நடுவில் பொருத்துகிற ஒரு சிறு பெட்டியை நாங்கள் செய்கிறோம். மாவு கெட்டியானால் மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும், இளகினால் குறைவாக இழுக்கும். அந்த வேறுபாட்டை அளந்து, எப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை எங்கள் பெட்டி கைப்பேசிக்குச் சொல்லிவிடும்.

சரஸ்வதி: இது நன்றாக இருக்கிறது. நான் கையை விட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்றாலும், கையை விட்டுப் பார்க்கத் தெரியாத தலைமுறை ஒன்று வந்துவிட்டதால் உனக்குப் பிழைப்பு இருக்கிறது. மேலே போ.

கதிரவன்: இந்தியாவில் நூற்று நாற்பது கோடிப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் வெறும் ஒரு சதவீதத்தினர் எங்கள் கருவியை வாங்கினால்கூட ஒரு கோடியே நாற்பது லட்சம் கருவிகள் விற்றுவிடும்.

சரஸ்வதி: இந்த நூற்று நாற்பது கோடியில் பிறந்து ஆறு மாதமான குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டாயா?

கதிரவன்: அது ஒரு தோராயமான கணக்கு, அத்தை.

சரஸ்வதி: காலையில் பராத்தா சாப்பிடுகிறவர்களையும் சேர்த்துக்கொண்டாய். கிரைண்டரே இல்லாமல் கடையில் மாவுப் பாக்கெட் வாங்குகிறவர்களையும் சேர்த்துக்கொண்டாய். நம் தெருவில் பத்து வீட்டில் கிரைண்டர் ஓடுகிறது; அவற்றில் எத்தனை வீட்டில் உன் பெட்டி இருக்கிறது?

கதிரவன்: நம் வீட்டில் இருக்கிறது.

சரஸ்வதி: அதற்கும் நீ காசு வாங்கவில்லை. தெருவுக்குள் ஒருவருக்கு விற்காதவன் தேசத்துக்குச் சதவீதம் போட்டால், கேட்பவர் உடனே மனத்துக்குள் கைப்பையை மூடிவிடுவார். எத்தனை விற்றிருக்கிறாய் என்பதை மட்டும் சொல்.

கதிரவன்: கடந்த ஓர் ஆண்டில் நானூறு கருவிகள், ஒவ்வொன்றும் 1,999 ரூபாய்.

சரஸ்வதி: வெட்கப்படாமல் அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஒரு கருவியில் உனக்கு நிற்பது எவ்வளவு?

கதிரவன்: செய்வதற்கு 1,150 ரூபாய் ஆகிறது. ஆகவே 849 ரூபாய் நிற்கிறது.

சரஸ்வதி: 1,999 என்பது வரி சேர்ந்த விலைதானே? பதினெட்டு சதவீத ஜிஎஸ்டியை அரசுக்குக் கட்டிய பிறகு உன் கைக்கு வருவது 1,694. கூரியர்?

கதிரவன்: 130.

சரஸ்வதி: இணையத்தில் விளம்பரம் போடுகிறாயே, அதை விற்ற எண்ணிக்கையால் வகுத்தால்?

கதிரவன்: (மெதுவாக) ஓர் ஆளைப் பிடிக்க அறுநூறு ரூபாய் ஆகிறது.

சரஸ்வதி: 1,150, 130, 600, ஆக 1,880. வருவது 1,694. ஒவ்வொரு முறை நீ ஒரு கருவியை விற்று மகிழும்போதும் உன் சட்டைப்பையிலிருந்து 186 ரூபாய் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகிறது. நானூறு கருவிக்கு 74,400 ரூபாய். அறை வாடகையையும் உதவிக்கு இருக்கும் பையனின் சம்பளத்தையும் நான் இன்னும் தொடவே இல்லை.

கதிரவன்: அதிகம் விற்கத் தொடங்கினால் எல்லாம் சரியாகிவிடும் அல்லவா?

சரஸ்வதி: செய்கிற செலவு கொஞ்சம் இறங்கலாம். ஆனால் விளம்பரச் செலவு, எளிதாகக் கிடைக்கும் ஆட்கள் வாங்கி முடித்த பிறகு ஏறத்தான் செய்யும். இதே கணக்கில் போனால், நீ கேட்கும் ஐம்பது லட்சமும் ஏறக்குறைய இருபத்தேழாயிரம் கருவிகளை நஷ்டத்தில் விற்பதற்கு மட்டுமே போதும்.

கதிரவன்: எல்லாப் பெரிய நிறுவனங்களும் கஷ்டத்தில்தான் தொடங்கின. தங்கும் இடங்களை இணையத்தில் வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கும் ஏர்பிஎன்பியின் நிறுவனர்கள் 2008-ஆம் ஆண்டில் கையில் காசில்லாமல், அமெரிக்க அதிபர் தேர்தலை ஒட்டி ஒபாமா பெயரில் காலை உணவுத் தானியப் பெட்டிகளை அச்சடித்து, ஒன்று நாற்பது டாலர் என்று விற்று, ஏறக்குறைய முப்பதாயிரம் டாலர் திரட்டினார்கள்.

சரஸ்வதி: கடையில் சில டாலருக்குக் கிடைக்கும் தானியத்தை நாற்பது டாலருக்கு விற்றவர்களை நான் எழுந்து நின்று வணங்குவேன். அவர்கள் பெட்டிக்குப் பெட்டி லாபம் பார்த்தார்கள். நீ பெட்டிக்குப் பெட்டி தானம் செய்கிறாய்.

கதிரவன்: அப்படியானால் ஜேமி சிமினாஃப் கதையைக் கேளுங்கள். கதவுமணியில் கேமரா பொருத்திய அவர், 2013-இல் அமெரிக்காவின் ‘ஷார்க் டேங்க்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் முதலீட்டாளர்கள் முன் நின்று, பத்து சதவீதப் பங்குக்கு ஏழு லட்சம் டாலர் கேட்டு, வெறுங்கையோடு திரும்பினார். 2018-இல் அவருடைய ரிங் நிறுவனத்தை அமேசான் நூறு கோடி டாலர் அளவில் வாங்கியது. அதே ஆண்டில் அவரே அந்த நிகழ்ச்சிக்கு விருந்தினர் முதலீட்டாளராகப் போய் அமர்ந்தார்.

சரஸ்வதி: வெறுங்கையோடு திரும்பிய அனைவரும் அப்படி ஆகியிருந்தால், வாய்ப்புக் கேட்டு வரிசையில் நிற்பதற்குப் பதிலாக எல்லோரும் மறுப்புக் கேட்டு வரிசையில் நிற்பார்கள். அந்த மனிதர் அங்கே போனபோதே கதவுமணி விற்றுக்கொண்டிருந்தது. ஒருவர் பணம் தரவும் முன்வந்தார், நிபந்தனை பிடிக்காமல் இவர்தான் மறுத்தார். உனக்கு நாளை மறுக்கும் வசதி இருக்கிறதா?

கதிரவன்: மண்டபத்துக்கு ஆட்டோவில் போகும் வசதிகூட இல்லை.

சரஸ்வதி: அதனால்தான் சொல்கிறேன், தொலைக்காட்சியைப் பார்த்து நடிக்காதே. 2001-இல் ஜப்பானில் தொடங்கி, 2005-இல் பிரிட்டனுக்கும், 2009-இல் அமெரிக்காவுக்கும், 2021 டிசம்பரில் நம் நாட்டுக்கும் வந்த அந்த நிகழ்ச்சி வகையில், நீ பத்து நிமிடத்தில் பார்க்கும் பேரம் அரங்கில் ஒரு மணி நேரம்கூட நடந்திருக்கும். கைகுலுக்கிய பிறகு கணக்கு வழக்குகளைப் புரட்டிப் பார்த்து, கைவிடப்படும் பேரங்களும் உண்டு. கைகுலுக்கல்தான் படம் பிடிக்க வசதியானது.

கதிரவன்: நீங்கள் இதையெல்லாம் எப்போது பார்த்தீர்கள்?

சரஸ்வதி: உன் மாமா தூங்கிய பிறகு. சரி, அந்த ஐம்பது லட்சத்துக்கு எவ்வளவு பங்கு கொடுக்கப் போகிறாய்? அதைச் சொல்.

கதிரவன்: ஐம்பது லட்சம் ரூபாய்க்கு ஐந்து சதவீதப் பங்கு.

சரஸ்வதி: ஐந்து சதவீதமா? சீட்டு ஏலத்தில் பெஞ்சு போட்டு, பெயர் கூப்பிட்டு, மணி பார்த்து நடத்துவதற்கு எங்கள் நிறுவனம் எடுத்த கமிஷனே ஐந்து சதவீதம். 2019-இல் சட்டத்தைத் திருத்தி அதை ஏழு வரை போகலாம் என்று ஆக்கினார்கள். ஐம்பது லட்சம் கொடுக்கிறவருக்கு நீ ஏலக் கூலியை நீட்டுகிறாய்.

கதிரவன்: இது கமிஷன் இல்லை, அத்தை, உரிமை. ஐந்து சதவீதம் ஐம்பது லட்சம் என்றால், அவர்கள் பணம் வந்த பிறகு நிறுவனத்தின் மொத்த மதிப்பு பத்துக் கோடி.

சரஸ்வதி: (ஊஞ்சலை நிறுத்தி) பத்துக் கோடியா? ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்கு விற்பனை. அதுவும் வரியைச் சேர்த்து. அதைப் போல் நூற்றிருபத்தைந்து மடங்கு கேட்கிறாய். இந்தத் தெருவையே மனைகளோடு விற்றாலும் அவ்வளவு வருமா என்று யோசிக்க வேண்டும்.

கதிரவன்: எதிர்காலத்துக்குச் சேர்த்துத்தான் மதிப்பு போடுவார்கள்.

சரஸ்வதி: எங்கள் ஏலத்திலும் எதிர்காலத்துக்கு விலை உண்டு. ஐந்து லட்ச ரூபாய்ச் சீட்டில் இருபது பேர் இருப்பார்கள். அவசரத் தேவைக்காரர் ஒருவர் ஒரு லட்சத்து இருபதாயிரம் தள்ளி, மூன்று லட்சத்து எண்பதாயிரத்தை எடுத்துக்கொண்டு போவார். தள்ளியதில் எங்கள் கமிஷன் இருபத்தையாயிரம் போக, மீதி தொண்ணூற்றையாயிரம் இருபது பேருக்கும் தலைக்கு 4,750 ரூபாயாகப் பிரியும். இத்தனையும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அங்கே யாரும் தன் பாட்டியின் ஆட்டுக்கல்லைப் பற்றிப் பேசியதில்லை. தொகையைச் சொல்வார்கள், உட்கார்ந்துவிடுவார்கள். காலம் குறைவாக இருக்கும் இடத்தில் எண் தெரிந்தவனுக்கு நேரம் மிஞ்சும். சரி, மறுபடியும் முதலிலிருந்து சொல், மூன்று நிமிடம் முடிந்ததும் மணி அடிப்பேன்.

(கதிரவன் இம்முறை கருவி, விலை, விற்பனை என்று ஒழுங்காகச் சொல்லி, தன் கல்லூரிக் காலத்துத் தங்கப் பதக்கத்துக்கு வரும்போது மணி ஒலிக்கிறது. அத்தை மணியைச் சற்று பக்தியோடு அடித்துவிட்டதால், தீபாராதனை என்று எண்ணி எதிர்வீட்டு அம்மாள் கண்ணை மூடியபடியே உள்ளே வந்துவிடுகிறார். கதிரவன் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்புகிறான்.)

கதிரவன்: அத்தை, அவர் ஒரு கருவி கேட்கிறார். மருமகள் அரைக்கும் மாவு தினமும் வேறு வேறு பதத்தில் வருகிறதாம், ஆதாரம் வேண்டுமாம். பக்கத்து வீட்டுக்காரர் என்பதால் இலவசமாகக் கொடுத்துவிடட்டுமா?

சரஸ்வதி: வாயை மூடு. முழு விலையை வாங்கு. இவருக்கு விளம்பரச் செலவு கிடையாது, கூரியர் கிடையாது. 1,694-இல் 1,150 போனால் உனக்கு 544 ரூபாய் நிற்கிறது. ஓர் ஆண்டில் நீ பார்த்த முதல் லாபம் காலில் செருப்பில்லாமல் நடந்து வந்திருக்கிறது.

கதிரவன்: ஆனால் ஊர் முழுவதும் போய் நான் மணி அடிக்க முடியாதே.

சரஸ்வதி: அடிக்க வேண்டாம். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. கிரைண்டர் வாங்குகிறவர் கடைக்கு வந்துதான் வாங்குகிறார். அந்தக் கடைக்காரருக்குக் கருவி ஒன்றுக்கு முந்நூறு ரூபாய் கொடு. கிரைண்டரோடு சேர்த்து அவரே விற்றுக்கொடுப்பார். அப்போதும் உனக்கு 244 ரூபாய் நிற்கும். அறுநூறு ரூபாயை இணையத்துக்குக் கொடுத்து அழுவதைவிட, முந்நூறைக் கடைக்காரருக்குக் கொடுத்துச் சிரிக்கலாம். எத்தனை கடைகளிடம் பேசியிருக்கிறாய்?

கதிரவன்: கடைக்காரர்கள் பழைய காலத்து ஆட்கள் என்று நினைத்து நான் யாரிடமும் பேசவில்லை.

சரஸ்வதி: இன்று மாலைக்குள் மூன்று கடைகளில் ஏறி இறங்கு. யாராவது ஒருவர் ஐம்பது கருவி எடுக்கிறேன் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால், நாளை அந்தச் சீட்டை மட்டும் தூக்கிக் காட்டு. தங்கப் பதக்கம் வீட்டிலேயே இருக்கட்டும். அடுத்து அவர்கள் கேட்கப்போவது, இந்த நிறுவனத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்பது.

கதிரவன்: அது எளிது. நூறு சதவீதமும் என்னுடையது.

சரஸ்வதி: (நோட்டைப் பிரித்து) 2023-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம், கதிரவனுக்கு, கருவி செய்வதற்காக, இரண்டு லட்சம் ரூபாய். இது யாருடைய கையெழுத்து?

கதிரவன்: என்னுடையதுதான். ஆனால் அது நீங்கள் பாசத்தில் கொடுத்தது, அத்தை.

சரஸ்வதி: பாசத்தில் கொடுத்திருந்தால் கையெழுத்து வாங்கியிருக்க மாட்டேன். வட்டி கேட்டேனா?

கதிரவன்: இல்லை.

சரஸ்வதி: திருப்பிக் கொடுக்கும் தேதி எழுதினோமா?

கதிரவன்: இல்லை.

சரஸ்வதி: வட்டியும் தவணையும் இல்லாமல் தொழிலுக்குக் கொடுத்தால் அதற்குப் பெயர் முதலீடு. நாளை உன் கணக்கைத் துருவும் வக்கீல் இதைக் கண்டுபிடித்து உன்னைக் கேட்பதைவிட, இன்று நான் கேட்பது உனக்கு மரியாதை. நான் பணம் கொடுத்த அன்றைக்கு உன் நிறுவனத்தின் மதிப்பு எவ்வளவு?

கதிரவன்: அன்றைக்கு நிறுவனமே இல்லை. ஒரு பிளக்கும் நான்கு வயரும்தான் இருந்தன. மதிப்பு பூஜ்ஜியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரஸ்வதி: எழுதிக்கொண்டேன். பணம் வருவதற்கு முன் மதிப்பு பூஜ்ஜியம். என் பணம் வந்த பிறகு இரண்டு லட்சம். இரண்டு லட்சம் மதிப்புள்ள நிறுவனத்தில் இரண்டு லட்சம் போட்டவருக்கு எத்தனை சதவீதம்? ஐம்பது லட்சத்துக்கு நீ போட்ட அதே கணக்குதான்.

கதிரவன்: (விரல் விட்டு எண்ணி, நின்று, மீண்டும் எண்ணி) நூறு சதவீதம் வருகிறது, அத்தை.

சரஸ்வதி: நான் சொல்லவில்லை, கணக்கு சொல்கிறது.

கதிரவன்: என் உழைப்பு, என் யோசனை, ஓர் ஆண்டாக நான் தூங்காத இரவுகள்?

சரஸ்வதி: அதற்கெல்லாம் முப்பது சதவீதம் தருகிறேன், வேறு எந்த முதலீட்டாளரும் இவ்வளவு தாராளமாக இருக்க மாட்டார். ஸ்டாம்பு பேப்பரை நீயே வாங்கி வா, செலவை நிறுவனத்தின் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

கதிரவன்: இருக்கட்டும். நாளைக்கு நான் என்ன கேட்பது? பத்துக் கோடி அதிகம், நூற்றிருபத்தைந்து மடங்கு என்று நீங்களே சொன்னீர்கள். இரண்டு கோடி மதிப்பு என்று இறக்கிக்கொள்ளட்டுமா?

சரஸ்வதி: யாருடைய நிறுவனத்தை யார் இறக்குவது? பத்துக் கோடி என்பதே அடிமாட்டு விலை. பன்னிரண்டிலிருந்து பேச்சைத் தொடங்கு.