நாசா சொன்ன ஞாயிற்றுக்கிழமை

மார்கழி பிறந்தால் போதும், மட்டக்களப்புக் கல்லடியிலிருக்கும் பெரியம்மாவின் வாட்ஸ்அப்புக்கு அந்தக் குரல் பதிவு வந்துவிடும்: வருகிற ஞாயிறு பின்னேரம் 3 மணிக்குச் சுனாமியாம், நாசாவே சொல்லிவிட்டதாம். 2004இல் நாவலடியில் சொந்தங்களைப் பறிகொடுத்தவ, அவ பயப்படட்டும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஏ.எல்லில் விஞ்ஞானம் படித்த அவவின் மகன் அதையே இன்னும் நாலு குழுவுக்கு அனுப்பிவிட்டு "எதுக்கும் சொல்லி வைப்பம்" என்கிறானே, அதுதான் எரிச்சல். சுனாமியைக் கிளப்புகிற நிலநடுக்கம் எந்த நாள், எத்தனை மணிக்கு வருமென்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. 2004இல் சுமாத்திராப் பக்கம் நிலம் நடுங்கி, கிட்டத்தட்ட 2 மணித்தியாலம் கழித்துத்தான் அலை இங்கே வந்தது; எச்சரிக்கை என்பது அந்த இடைவெளியில் தருவது, ஒரு கிழமைக்கு முதலே இல்லை. விளக்கினால், "நீ படிச்சவன்தான் தம்பி, முதல்ல உடுப்புப் பையை எடு" என்கிறா. எடுத்தேன், வேறென்ன செய்ய.