பைப் பிடித்தால் ஆயுள் கூடுமா? 1964 அறிக்கை சொன்னது வேறு

"பைப் பிடிப்பவர்கள் புகைக்காதவர்களைவிட அதிக நாள் வாழ்கிறார்கள், 1964-லேயே அமெரிக்க அரசு ஒப்புக்கொண்டது, சாயங்காலம் நிம்மதியாக ஒரு பைப் பிடியுங்கள்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

லூதர் டெர்ரி அமெரிக்க அரசின் தலைமை மருத்துவராக இருந்தபோது வந்த அந்த அறிக்கை, பைப் பிடிப்பவர்களின் இறப்பு விகிதம் புகைக்காதவர்களைவிடப் பெரிதாக அதிகமில்லை என்றுதான் சொன்னது. ஆயுள் கூடும் என்று சொல்லவில்லை. பைப்புக்கும் உதட்டுப் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்றும் அதிலேயே இருக்கிறது, அந்த வரியை மட்டும் யாரும் பகிர்வதில்லை.

சரி, அதற்குப் பிறகு? அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 1982-இல் தொடங்கி 18 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2004-இல் வந்தது. பைப் மட்டுமே பிடித்த 15,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் அதில் இருந்தார்கள். புகையிலையே தொடாதவர்களோடு ஒப்பிட்டால் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் ஆபத்து, அவர்களில் பைப்பை விடாமல் பிடித்துவந்தவர்களுக்குச் சுமார் 5 மடங்கு, தொண்டை, உணவுக்குழாய், கணையப் புற்றுநோய்களும் இதய நோயும்கூட அதிகம். சிகரெட்டைவிடக் குறைவு என்பது உண்மைதான், ஆனால் குறைவு என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்லவே.

புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே ரத்தத்தில் கலந்துவிடும். தினமும் பிடிப்பவருக்குக் கிடைக்கும் அந்த 'நிம்மதி'யில் பெரும்பங்கு, நிக்கோட்டின் கிடைக்காமல் உடம்பு தவித்த தவிப்பு அடங்குவதுதான். தயவுசெய்து அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ அந்தச் செய்தியை அனுப்பாதீர்கள்.