பிரதமன் விளம்பிட்டு நல்லா இருக்கான்னு கேட்கக்கூடாது

போன மாதம் ஒரு பெரிய மைதானத்தில் நடந்த சினிமா பாட்டுக் கச்சேரிக்குக் குடும்பத்தோடு போய் வந்தேன். எங்கே, யாருடையது என்பதெல்லாம் வேண்டாம். டிக்கெட் விலையும் வேண்டாம், வீட்டில் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. பாடியவர்கள் நன்றாகவே பாடினார்கள். ஆனால் இரண்டு பாட்டுக்கு ஒருதரம் தொகுப்பாளர் ஓடி வந்து, "சத்தம் பத்தலையே, அந்தப் பக்கம் தூங்கிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் சித்தப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்: "எடே மக்களே, பிரதமன் விளம்பிட்டு நல்லா இருக்கா, நல்லா இருக்கான்னு கேட்டுட்டே நின்னா, குடிக்கவனுக்கு சந்தேகம் வராதா?" பிரதமன் என்பது எங்கள் ஊர்ப் பாயசம், விளம்புவது என்றால் பரிமாறுவது.

சிரித்தேன். ஆனால் எனக்கும் அதில் பங்கு உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக் கானமேளாக்களில், அதாவது திருவிழா மேடைப் பாட்டுக் கச்சேரிகளில், எட்டு வருஷம் ரிதம் பேட் என்கிற மின்னணுத் தாளக் கருவி வாசித்தவன் நான். கூட்டம் கையை விட்டுப் போகிறது என்று தெரிந்தால் நாங்களும் இதையேதான் செய்வோம். "எல்லாரும் கையை மேலே தூக்குங்க!" தூக்குவார்கள். அரை நிமிஷம். அப்புறம் இறக்கிவிட்டுச் சுக்குக்காப்பிக் கடையைத் தேடிப் போவார்கள்.

ஒரு கடற்கரை ஊரில் தேவாலயத் திருவிழா. முதல் இருபது நிமிஷத்திலேயே கூட்டத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று இருந்த குத்துப்பாட்டையெல்லாம் வரிசையாகக் கொட்டிவிட்டோம். பையன்கள் ஆடித் தீர்த்தார்கள். பத்தரை மணிக்குப் பார்த்தால் பாதி நாற்காலி காலி. மிச்சம் இருந்தது மெலடி மட்டும். வேர்த்து ஊற்றி ஆடியவனிடம் மெலடியைப் பாடினால் கேட்பானா? பழைய கானமேளாக்காரர்கள் பக்திப் பாட்டில் தொடங்கி, மெதுவாக ஏற்றி, நல்ல சரக்கைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு எடுத்ததன் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது. கூட்டத்தைப் பிடிப்பது வேறு, காக்க வைப்பது வேறு. காக்க வைக்கத் தெரிந்தவன்தான் கச்சேரிக்காரன்.

மைதானக் கச்சேரியில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருப்பவனுக்குப் பாட்டு கிட்டத்தட்ட 0.3 விநாடி தாமதமாகத்தான் வந்து சேரும். வேகமான பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே அரை விநாடிதான் இடைவெளி. ஆக, அவன் தனக்குக் கேட்ட தாளத்துக்குச் சரியாகத்தான் தட்டுகிறான், முன்வரிசைக்காரன் தட்டுவதோடு அது ஒட்டவே ஒட்டாது. நடுவில் ஸ்பீக்கர் கோபுரம் நட்டு, நேரத்தைக் கணக்குப் போட்டு ஒலி விடுவது ஓரளவுக்குத்தான் உதவும். பின்வரிசைக்காரர்களைச் சோம்பேறிகள் என்று திட்டும் தொகுப்பாளர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

இதற்கு நேர் எதிராக ஒரு கச்சேரி. கைதட்டவே கூடாது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வருஷா வருஷம் நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதி யானைமேல் கிளம்புவாள். சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் வேளிமலைக் குமாரசாமியும் கூடப் போவார்கள். 1956 நவம்பர் 1-ல் மாநில எல்லை மாறி நாங்கள் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டோம், தெய்வங்களுக்கு மட்டும் இன்னும் பழைய திருவிதாங்கூர்தான். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போய்த் திருவனந்தபுரம் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் சரஸ்வதியை அமர்த்துவார்கள். ஒன்பது நாளும் சாயங்காலம் சரியாக ஆறு மணிக்குக் கச்சேரி. எட்டரைக்கு முடியும். எப்பேர்ப்பட்ட வித்வானுக்காகவும் மணி நிற்காது.

அங்கே என்ன பாடப்போகிறார்கள் என்பதும் ஊருக்கே தெரியும். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் நவராத்திரிக் கீர்த்தனைகள், நாளுக்கு ஒன்று. முதல் நாள் சங்கராபரண ராகம், அப்புறம் கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டக்குறிஞ்சி, கடைசி நாள் ஆரபி. புதுப் பாட்டு கிடையாது, நேயர் விருப்பம் கிடையாது, கைதட்டலும் கிடையாது. இன்றைய நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் ஒருவரிடம் இதைச் சொன்னால், "இதுக்கு எவன் வருவான்?" என்பார்.

வருகிறார்கள். நானும் ஒரு தோடி நாளில் போயிருந்தேன். முதலில் ஒருமாதிரி சங்கடமாக இருந்தது, கைதட்டிப் பழகின கை சும்மா கிடக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கவனித்தேன், பக்கத்தில் ஒரு பெரியவர் தொடையில் விரல் மடக்கித் தாளம் எண்ணிக்கொண்டிருந்தார். பாட்டுக்கு முன்னால் ராகத்தை லயத்தோடு விரிக்கும் தானம் பாடும்போது மிருதங்கமும் சேர்ந்துகொண்டது. அது அந்த மண்டபத்து வழக்கம், மற்ற மேடைகளில் தானத்துக்கு மிருதங்கம் பெரும்பாலும் பேசாமல் இருக்கும். இன்ன பாட்டுத்தான் வரப்போகிறது என்று தெரிந்தபிறகு மனசு 'அடுத்து என்ன' என்று அலையவில்லை. தோடிக்குள் இவர் எந்தப் பக்கமாக நுழைவார், எங்கே நிற்பார் என்பதிலேயே நின்றது. அந்த நேரத்தில் தோன்றியபடி கட்டிப் பாடும் கற்பனாஸ்வரம் சுற்றிச் சுற்றி, வரி தொடங்கும் இடமான எடுப்புக்கு வந்து விழுந்தபோது பெரியவர் விரலும் அங்கேயே விழுந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் அத்தனை பேரும் மூச்சு விட்டது கேட்டது, சத்தியமாகக் கேட்டது.

இதே மண்டபத்தில் பெண்கள் பாட 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாறசாலை பொன்னம்மாள்தான் முதலில் பாடினார், அப்போது அவருக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. எனக்கு அந்த மண்டபத்தின் மேல் மரியாதை உண்டு, இந்த விஷயத்தில் கோபமும் உண்டு.

அமைதியாக இருந்தால்தான் ரசிகன் என்று சொல்ல வரவில்லை. கேரளத்தில் இரிஞ்ஞாலக்குடை கூடல்மாணிக்கம் கோயிலில் செண்டைக்காரர்கள் கூடி வாசிக்கும் பஞ்சாரி மேளம் கேட்டால் அந்த எண்ணம் போய்விடும். முதல் காலத்தில், அதாவது முதல் கட்டத்தில், ஒரு சுற்றுக்கு 96 அட்சரம், தாளத்தின் எண்ணிக்கை. அப்புறம் 48, 24, 12, கடைசியில் 6. ஆமை மாதிரித் தொடங்குகிற மேளம் பாதிப் பாதியாகச் சுருங்கிச் சுருங்கி வேகம் ஏறும். எதிரே நிற்கிற நூற்றுக்கணக்கான கைகள் சேர்ந்து மேலே போகும். தூக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவர்களும் முதலிலிருந்து எண்ணிக்கொண்டுதானே நிற்கிறார்கள்!

நம் வில்லுப்பாட்டு இந்த வித்தையில் யாருக்கும் சளைத்ததில்லை. கதை பாடும் தலைவரான அண்ணாவி ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார். சின்ன வயசில் இந்த "ஆமா" எதற்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை. கேட்கிறவர்கள் சார்பில் மேடையிலேயே ஒரு ஆளை உட்கார வைத்திருக்கிறார்கள்! அவர் சந்தேகம் கேட்பார், நக்கலடிப்பார், அண்ணாவி நீட்டி முழக்கினால் இழுத்துப் பிடிப்பார். நமக்குத் தோன்றியதை அவர் கேட்டுவிடுவதால் நாமும் கதைக்குள் போய்விடுகிறோம். கொடையில், அதாவது எங்கள் ஊர்த் தெய்வங்களின் கோயில் திருவிழாவில், இன்னும் ஒரு படி மேலே. தெய்வத்தை அழைக்கும் குடியழைப்பிலிருந்து ஏற்றி ஏற்றிக் கொண்டுபோய், சாமி வரவைக்கும் வரத்துப் பாட்டு வரும்போது அண்ணாவியின் கண் ஜனங்கள் மேல் இருக்காது, சாமியாடும் கோமரத்தாடியின் கால் மேல் இருக்கும். அந்தக் காலில் நடுக்கம் தொடங்கினால் குடமும் உடுக்கும் அந்த நடுக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். அவர் அசையவில்லை என்றால் பாட்டு இன்னொரு சுற்று திரும்பும். எட்டு வருஷம் பேட் வாசித்த நான் பாட்டு வரிசை எழுதிய தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஆள் எதிரில் நிற்பவனின் காலைப் பார்த்து வாசிக்கிறார்.

அந்த மைதானக் கச்சேரியிலும் ஒரு நல்ல நிமிஷம் இருந்தது, சொல்லாமல் விட்டால் பாவம். ஒரு பழைய பாட்டின் பல்லவியில் பாடகி ஒரு சொல்லைப் பாடாமல் நிறுத்திவிட்டார். மறந்துவிட்டாரோ, வேண்டுமென்றே விட்டாரோ. மைதானம் முழுக்க அந்தச் சொல்லை எடுத்துப் பாடியது. சித்தப்பாவும் பாடினார், ஸ்ருதி எங்கேயோ போனது. பாடகி சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்கு வாய் திறந்தார், அதற்குள் தொகுப்பாளர் ஓடி வந்து, "இன்னும் சத்தமா!" என்றார்.

இந்த நவராத்திரிக்கு சித்தப்பாவைத் திருவனந்தபுரம் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன், பைரவி நாளுக்கு. மத்தியானம் தக்கலையில் பஸ் ஏறினால் ஐந்தரைக்குள் போய் உட்கார்ந்துவிடலாம். வருகிறவர்கள் சொல்லுங்கள். மனுஷன் இரண்டரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு இருப்பாரா என்பதுதான் கவலை.