ஹங்கேரிய நடனத்தை இவ்வளவு இழுக்க வேண்டுமா?

ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் ஹங்கேரிய நடனம் 5ஐ பியானோவில் வாசிக்கிற பலர் ஒரே மாதிரிதான் செய்கிறார்கள். நாலு அடி ஓட்டம், ஒரு பெருமூச்சு, மறுபடி பாய்ச்சல். ஏன் என்றால் ருபாட்டோவாம், அதாவது வேகத்தை இஷ்டப்படி இழுத்தும் விட்டும் வாசிப்பது. நடுப்பகுதியில் வேகத்தைக் குறைத்து மீண்டும் பிடிக்கும்படி பிராம்ஸே எழுதியிருக்கிறார், சரி, அங்கே செய்யுங்கள். எல்லா இடத்திலும் இழுத்தால் அதற்கு யார் ஆடுவது?

என் கட்சி இதுதான்: இந்த இசையின் உயிர் இடது கையில் இருக்கிறது. ஹங்கேரியக் கிராமத்து வாத்தியக் குழு வேகமான சார்தாஷ் என்கிற ஹங்கேரிய நடன இசையை வாசிக்கும்போது டபுள் பாஸ் என்கிற பெரிய தந்தி வாத்தியம் தாள அடியில் விழும், கோன்ட்ரா என்கிற துணை வயலினோ வியோலாவோ இரண்டு அடிக்கு நடுவே எதிரடியில் வெட்டும். அந்த இரண்டு பேரைத்தான் பியானோவில் ஒரே கை குதித்துக் குதித்துச் செய்கிறது. அதனால் கீழ் சுரம் கனமாக, மேலே உள்ள கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) குட்டையாக, ஒலியை நீட்டும் பெடல் மிகக் கொஞ்சமாக. வலது கை வயலின்காரர், அவர் கொஞ்சம் முன்னேபின்னே போகலாம், ஆனால் பாஸ்காரர் அசையக் கூடாது.

அப்புறம் அழுத்தம். குட்டைச் சுரம் முன்னால், நெட்டைச் சுரம் பின்னால் வரும் இடங்களில் பலரும் நெட்டையைப் போய் அழுத்துகிறார்கள். ஹங்கேரிய மொழியில் சொல்லின் முதல் அசையில்தான் அழுத்தம், அது குறிலாக இருந்தாலும். பாட்டிலும் அப்படியே, குட்டையைத்தான் தட்ட வேண்டும்.

(நடனம் 5 நாட்டுப்பாடலே இல்லை, பெலா கெலெர் எழுதிய சார்தாஷ். பிராம்ஸ் அதை நாட்டுப்பாடல் என்று நினைத்துவிட்டார். அதனால் என்ன, ஆட்டம் ஆட்டம்தான்.)

இழுக்க ஆசையா, ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் 1908ஆம் ஆண்டு ‘டிரான்சில்வேனியாவில் ஒரு மாலை’யை எடுங்கள். எளிய துண்டுதான். மெதுவான பகுதிக்கு ருபாட்டோ என்றும், துள்ளலான பகுதிக்கு ருபாட்டோ வேண்டாம் என்றும் அவரே குறித்து, இரண்டையும் மாற்றி மாற்றி வைத்திருக்கிறார். முதலாவது பேச்சு, இரண்டாவது ஆட்டம். அவரே வாசித்த பதிவும் இருக்கிறது, கேளுங்கள்.

இதைக் கைக்குக் கொண்டுவந்த பிறகு இன்னொரு ஹங்கேரிய இசையமைப்பாளரான லிஸ்டின் இரண்டாம் ஹங்கேரிய ராப்சடிக்குப் போகலாம். லஷான் என்கிற மெதுவான பகுதியில், சிம்பலோம் என்கிற தட்டி வாசிக்கும் தந்தி வாத்தியம் அதிர்வது போல பெடலைத் தாராளமாக விடுங்கள், தாளத்தை இஷ்டப்படி வளையுங்கள், நான் வாயே திறக்க மாட்டேன். ஃப்ரிஷ்கா என்கிற அடுத்த பகுதி வேகம் பிடித்ததும் மட்டும் அந்தச் சலுகை முடிந்தது.