கொடும்பாளூர் வீட்டின் நான்கு பெண்கள்

விராலிமலையைத் தாண்டி மதுரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு திருமண பேனரைப் பார்த்தேன். மணமகன் படத்துக்கு மேலே வாள் ஏந்திய மன்னர் ஒருவர். அதற்குக் கீழே "இருக்குவேள் வம்சம்" என்று கொட்டை எழுத்து. மணப்பெண்ணின் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, ஓரத்தில் அவ்வளவு சிறியதாக இருந்தது. இருக்குவேள் என்ற வேளிர் குலத் தலைவர்கள் ஆண்ட கொடும்பாளூர் பக்கத்தில்தான் இருக்கிறது. வண்டியைத் திருப்பி அங்குள்ள மூவர் கோயிலுக்குப் போனேன். அங்கிருந்து வந்ததிலிருந்து மனதில் கிடப்பதை இங்கே எழுதுகிறேன்.

இருக்குவேளிர் யாருடைய முன்னோர் என்று முகநூலில் ஆண்டுக்கணக்காகச் சண்டை நடக்கிறது. ஒவ்வொரு தரப்பும் ஒரு வம்சாவளிப் படத்தைப் பகிர்கிறது. எல்லாப் படங்களிலும் ஆண்களின் பெயர்கள் மட்டும் மேலிருந்து கீழாக இறங்கி வருகின்றன. அந்தக் குடும்பம் தன்னைப் பற்றிக் கல்லில் எழுதி வைத்ததை இவர்கள் முழுதாகப் படித்திருந்தால் இப்படி வரைந்திருக்க மாட்டார்கள்.

மூவர் கோயிலில் நடுக் கோயிலின் தென்சுவரில் கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. கொடும்பாளூர்த் தலைவன் பூதி விக்கிரமகேசரி வெட்டுவித்தது. அதன் தொடக்கம் சிதைந்துவிட்டது. குலத்தின் முதல்வனாகச் சொல்லப்பட்டவனின் பெயரே போய்விட்டது. மிஞ்சிய பகுதியில் பரவீரஜித், வீரதுங்கன், அதிவீரன், சங்ககிருத், பாம்புகளோடு வளர்ந்தவனாகச் சொல்லப்படும் நிருபகேசரி, வாதாபியை வென்ற பரதுர்கமர்த்தனன் என்று வரிசை போகிறது. இவர்களில் ஒருவனுக்குக்கூட மனைவி பெயரோ தாய் பெயரோ இல்லை. பிறகு சமராபிராமன் வருகிறான், அதிராஜமங்கலத்துப் போரில் சளுக்கியை (சாளுக்கியனை) கொன்றவன். அவன் மணந்தது அநுபமா என்ற சோழ இளவரசியை. இந்தக் கல்வெட்டில் ஒரு மருமகளின் பெயர் முதன்முதலில் வருவது அங்கேதான்.

அவர்களுடைய மகன்தான் பூதி விக்கிரமகேசரி. அவனுக்குக் கற்றளி, வரகுணை என்று இரண்டு தேவியர். கற்றளி பெற்ற பிள்ளைகளின் பெயர்கள் பராந்தகன், ஆதித்தன். இரண்டும் சோழர் வீட்டுப் பெயர்கள். வரகுணன் என்பது பாண்டிய மன்னர்கள் சூடிய பெயர். ஒரே வீட்டுக்குள் எத்தனை வீட்டுப் பெயர்கள் புழங்கியிருக்கின்றன, பாருங்கள்.

நம் ஊரில் இதற்கு அருமையான சொல் உண்டு: கொள்வினை, கொடுப்பினை. அநுபமா இந்த வீடு கொண்ட பெண். கொடுத்த பெண்ணைப் பார்க்க வேண்டுமானால் திருச்சிக்கு அருகே காவிரியின் தென்கரையில் இருக்கும் திருச்செந்துறைக்குப் போக வேண்டும். கொடும்பாளூர்த் தலைவர் தென்னவன் இளங்கோவேளாரின் மகள் பூதி ஆதிச்ச பிடாரி. முதலாம் பராந்தகனின் மகன் அரிகுலகேசரிக்கு வாழ்க்கைப்பட்டவள். அரிஞ்சயன் என்று நாம் அறிந்த சோழன் அவன்தான். திருச்செந்துறையில் கற்கோயிலை எடுப்பித்தவள் அவளே. அவள் பெயரை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பூதி என்பது கொடும்பாளூர் வீட்டில் திரும்பத் திரும்ப வரும் பெயர். ஆதிச்சன் என்பது ஆதித்தன். பிடாரியோ ஊர் எல்லையில் நிற்கும் நம் அம்மன். சோழர் வீட்டு மருமகளான பிறகும் தகப்பன் வீட்டுப் பெயரை அவள் விடவில்லை.

இந்தக் கொண்டு கொடுத்தலுக்குக் காரணம் அந்த மண்ணிலேயே இருக்கிறது. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போகும் வழியில் 'கொடும்பை நெடுங்குளம்' வருகிறது. சிவனின் சூலம் போல வழி மூன்றாகப் பிரிவது அங்கேதான் என்கிறது சிலப்பதிகாரம். சோழ நாட்டிலிருந்து பாண்டிய நாட்டுக்குப் படை போக வேண்டுமானால் கொடும்பாளூர்க்காரர்களின் தயவு வேண்டும். அவர்களோடு சோழர்கள் செய்துகொண்ட சம்பந்தம் வெறும் குடும்ப விசேஷமாக இருந்திருக்க முடியாது. அந்த உறவுக்கு உயிரையும் கொடுத்திருக்கிறார்கள். சுந்தர சோழன் காலத்தில் ஈழத்துப் போர்க்களத்தில் விழுந்த பராந்தகன் சிறியவேளான் இந்தக் கொடும்பாளூர்க்காரன்தான்.

முன்னோர் யார் என்ற கேள்விக்கு வருகிறேன். சமராபிராமனுக்குக் கல்வெட்டு தரும் பட்டம் 'யதுவம்சகேது'. யது குலத்தின் கொடி என்று பொருள். புறநானூற்றின் 201ஆம் பாட்டில் கபிலர், இருக்குவேளிரின் முன்னோனாகக் கருதப்படும் இருங்கோவேளிடம், அவன் துவரையை (கண்ணனின் துவாரகையை) ஆண்ட குடியில் நாற்பத்தொன்பது தலைமுறை வழிவந்த வேள் என்கிறார். இரண்டும் பொருந்தி வருகின்றன. ஆனால் கொடும்பாளூரை ஆண்ட இடங்கழி நாயனாரைச் சேக்கிழார் வேளிர் குலம் என்று சொல்வதோடு, தில்லையம்பலத்துக்குப் பொன் வேய்ந்த ஆதித்தனுக்குக் குல முதல்வர் என்றும் சொல்கிறார். யது குலம் சந்திர வம்சம், சோழர் சூரிய வம்சம். ஒரே ஊரின் தலைவர்களுக்கு இரண்டு வம்சமும் சொல்லப்படுகின்றன. குலம் என்பதை அந்தக் காலத்திலேயே சொல்பவரும் இடமும் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதை இன்றைய சாதிச் சான்றிதழோடு ஒட்டிப் பார்ப்பது அந்தக் கல்லுக்குச் செய்யும் அநியாயம்.

அந்த 201ஆம் பாட்டு ஒரு பெண் கேட்பு அல்ல, பெண் கொடுக்க வந்தவரின் பாட்டு. பாரி இறந்த பிறகு அவன் பெண்களைக் கையோடு அழைத்து வந்து, "இவர்கள் என் மக்கள், நான் தர ஏற்றுக்கொள்" என்று கபிலர் நிற்கிறார். இருங்கோவேள் மறுத்துவிடுகிறான். அடுத்த பாட்டில் அவன் முன்னோரின் ஊரான அரையம் அழிந்த கதையைச் சொல்லிவிட்டுக் கபிலர் போய்விடுகிறார். நாற்பத்தொன்பது தலைமுறைப் பெருமை உள்ளவன், நாடு இழந்த வீட்டுப் பெண்களை வேண்டாம் என்றான். இந்த இரண்டு பாட்டையும் எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

மூவர் கோயிலின் காலத்தைப் பற்றியும் வழக்கு தீரவில்லை. விக்கிரமகேசரி பல்லவர் படையின் குருதியால் காவிரியைச் சிவக்க வைத்தான் என்று கல்வெட்டு சொல்வதால் முதலாம் ஆதித்தன் காலம் என்கிறார்கள் சிலர். வீரபாண்டியனை வென்றான் என்றும் சொல்வதால் சுந்தர சோழன் காலம் என்கிறார்கள் வேறு சிலர். இடையில் அரை நூற்றாண்டுக்கு மேல் இருக்கிறது. எந்தப் பக்கம் சாய்கிறோமோ அதற்கு ஏற்றபடி அநுபமாவின் தகப்பனாராக வேறொரு சோழனைத் தேட வேண்டும். அதனால்தான் அவளுக்குப் படங்களில் இடம் கிடைப்பதில்லை போலிருக்கிறது. கோடு போட முடியாத பெயரை விட்டுவிடுகிறார்கள்.

விக்கிரமகேசரி விடவில்லை. தன் பெயரில் ஒன்றும் இரு தேவியர் பெயரில் இரண்டுமாக மூன்று கோயில் எடுத்து, மதுரையைச் சேர்ந்த, காளாமுகம் என்ற சைவப் பிரிவின் துறவி மல்லிகார்ஜுனரிடம் மடத்தை ஒப்படைத்து, ஐம்பது துறவியரின் உணவுக்குப் பதினோரு ஊர்களைக் கொடுத்தான். இன்று நடுக் கோயிலும் தென்புறக் கோயிலும் நிற்கின்றன. வடக்கே வெறும் அடித்தளம்தான். நான் போனபோது வெயில் தாழ்ந்திருந்தது, கல்லில் சூடு இன்னும் இருந்தது. நடுவில் இருப்பது அவனுடையது, இருபுறமும் தேவியருடையவை என்று கொள்வது வழக்கம். அப்படியானால் விழுந்தது ஒரு பெண்ணின் பெயரால் எழுந்த கோயில். அந்த மேடையோரம் வெகுநேரம் நின்றிருந்தேன்.

வம்சாவளி வரைகிற நண்பர்களே, வரையுங்கள். அநுபமா, கற்றளி, வரகுணை, பிடாரி என்ற நான்கு பெயர்களையும் அதே அளவு எழுத்தில் எழுதி வரையுங்கள். பிடாரியைச் சந்தேகப்படுபவர்கள் திருச்செந்துறைக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். அவள் கட்டிய கோயிலின் சுவரிலேயே அவள் பெயர் இருக்கிறது.