அப்புச்சியிடம் எந்த மொழியில் கேட்டீர்கள்?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமெல்லாம் வீட்டில் தமிழ், கடைவீதியில் தமிழும் மலையாளமும், அரசாங்கக் காகிதத்தில் மலையாளம். இங்கே ஒரு பெரியவருக்கு அல்சைமர் என்ற மறதி நோய் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், அவர் எழுதப் படிக்கப் பழகிய மொழியில்தான் சோதிக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது.

என் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, பலசரக்குக் கடை வைத்திருந்தவர். நோய் முதலில் தலைகாட்டியது கணக்கு நோட்டில்தான். 'து.பருப்பு 1 கிலோ, ந.எண்ணெய் அரை' என்று பிசகாமல் எழுதுகிறவர், எழுத்தை விட ஆரம்பித்தார். வரிகள் சுருங்கின. பிறகு ஆள் பேரும் தொகையும் மட்டும். சரக்கின் பெயருக்குப் பதில் ஒரு கோடு. பேச்சில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. "அதை எடு சாமி, ரசத்துக்குப் போடறது" என்று சமாளித்துவிடுவார். இந்த நோய் பெரும்பாலும் அப்படித்தான் வரும். பெயர்ச்சொற்கள் நழுவும், இலக்கணமும் உச்சரிப்பும் வெகுநாள் தாக்குப்பிடிக்கும். பேச்சு சரளமாகவே ஓடும், அதில் விஷயம் குறைந்துகொண்டே போகும். எழுத்தில் அந்தச் சமாளிப்பு செல்லாது. இந்த நோய்க்குப் பெயர் தந்த டாக்டர் அலோய்ஸ் அல்சைமர் 1901ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் பார்த்த நோயாளி அகஸ்டே டீட்டர், தன் பெயரை எழுதச் சொன்னபோது பாதியிலேயே நின்றுபோனார்.

சரி, மருத்துவமனைக்குப் போனோம். 1975 முதல் உலகமெங்கும் புழங்கும் 30 மதிப்பெண் சோதனை. பென்சில், கைக்கடிகாரத்தின் பெயர் சொல்ல வேண்டும், ஒரு வாக்கியம் எழுத வேண்டும், அட்டையில் இருப்பதைப் படித்து அதன்படி செய்ய வேண்டும். அட்டை மலையாளத்தில் இருந்தது. அப்புச்சி தமிழ்ப் பள்ளியில் அஞ்சாவது வரை படித்தவர். அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி ஒரு தாளில் 'கண்ணை மூடுங்கள்' என்று தமிழில் எழுதி நீட்டினார். சத்தமாக வாசித்தார், கண்ணை மூடினார். ஆனால் சீட்டில் ஏறியது பழைய மதிப்பெண்தான்.

அவருக்கு நோய் இல்லை என்று நான் சொல்லவில்லை, நோட்டே சாட்சி. ஆனால் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதைத் தெரியாத எழுத்தை வைத்து அளந்தால், அடுத்த வருடம் எதோடு ஒப்பிடுவது? மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, 'இனி இவருக்கு ஒன்றும் புரியாது' என்று வீட்டார் பேச்சையே நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இத்தனைக்கும் இரண்டு மொழி நம் பெரியவர்களுக்குப் பலம். ஹைதராபாத்தில் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013ல் வெளியான ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு மறதி நோய் சுமார் நாலரை வருடம் தாமதமாக வந்திருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் அந்த வித்தியாசம் தெரிந்தது.

கூட்டிப் போகிறவர்கள் பழைய கடிதம், கணக்கு நோட்டு எதுவானாலும் கையோடு எடுத்துப் போங்கள். எழுத்து மாறியிருப்பதை டாக்டர் கண்ணால் பார்க்கட்டும். எந்த மொழியில், எத்தனாவது வரை படித்தார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தமிழில் கேட்க அங்கே ஆள் இல்லையென்றால், சோதனை எந்த மொழியில் நடந்தது என்று சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.