பொதுப்பணத்தில் உருவாகும் பாடப்பொருள்களை ஆசிரியர் திருத்திப் பயன்படுத்த வழி வேண்டும்

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியருக்கு இன்று விலையில்லாமல் கிடைக்கும் பாடப்பொருள்களுக்குப் பஞ்சமே இல்லை. பாடநூல் முழுவதையும் பிடிஎஃப் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம்; பாடநூலில் அச்சாகியிருக்கும் கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் காட்டினால், 2017இல் தொடங்கப்பட்ட தீக்ஷா தளத்தின் பாடங்கள் திறக்கும்; 2019 முதல் கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பாகிறது; 2023இல் மணற்கேணி செயலி வந்தது. இவை போதாவென்று ஒவ்வொரு பாட ஆசிரியரின் கைப்பேசியிலும் நாலைந்து வாட்ஸ்அப் குழுக்கள் நாள்தோறும் பணித்தாள்களைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. இவ்வளவு இருந்தும், நாளைக் காலை இரண்டாம் பாடவேளைக்குத் தன் வகுப்புக்குப் பொருந்துகிற ஒரே ஒரு பணித்தாளைத் தேடும் ஆசிரியர், இரவு பத்து மணிக்குத் தானே ஒன்றைத் தட்டச்சு செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஏன் இந்த நிலை என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கிடைப்பவற்றில் பெரும்பாலானவை முடித்துப் பூட்டிய பொருள்களாகவே வருகின்றன என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். காணொளியின் நீண்ட முன்னுரையை வெட்ட முடியாது. பணித்தாளில் ஒரு கேள்வியை மாற்ற முடியாது. படத்தில் உள்ள பெயரை அழித்துக் கோடிட்ட இடமாக்க முடியாது. வகுப்பறையோ ஒன்றைப் போல் ஒன்று இருப்பதில்லை. ஒரே ஏழாம் வகுப்பில், ஒரு பத்தியைத் தடையின்றி வாசிக்கும் பிள்ளையும் எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளையும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே தாளைக் கொடுத்தால் ஒருவர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு வேடிக்கை பார்ப்பார், மற்றவர் தன் பெயரையும் வகுப்பையும் எழுதியதோடு நின்றுவிடுவார். அந்தத் தாளை எப்படி இரண்டாகப் பிரிப்பது, எந்தச் சொல்லை எளிதாக்குவது, எந்தக் கேள்வியை யாருக்கு விடுவது என்பதெல்லாம் அந்த வகுப்பின் ஆசிரியருக்குத்தான் தெரியும். தெரிந்த அவருக்குத் திருத்தும் வசதி கிடைக்காமல் போவதுதான் வருத்தம்.

குழுவில் வரும் பணித்தாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலுக்கு, சிந்துவெளி நாகரிக நகரங்களை வரைபடத்தில் குறிக்கச் சொல்லும் தாள். கைப்பேசித் திரையில் பார்க்க அழகாக இருக்கும்: நீலக் கடல், பச்சைச் சமவெளி, பழுப்பு மலை, நான்கு மூலைகளிலும் பூவேலைப்பாடு, நடுவே தயாரித்தவரின் பெயர் சாய்வாக. அதையே ஊரில் உள்ள ஜெராக்ஸ் கடையில் கருப்பு வெள்ளையில் நகலெடுத்தால் கடலும் சமவெளியும் ஒரே சாம்பல் நிறமாகி, ஹரப்பாவையும் மொகஞ்சதாரோவையும் எழுத வேண்டிய வட்டங்கள் அந்தச் சாம்பலுக்குள் காணாமல் போகின்றன. பிள்ளைகள் பென்சிலால் எழுதுவது கண்ணுக்கே தெரிவதில்லை. வண்ணத்தை நீக்கி வெறும் கோட்டு வரைபடமாக்கி, லோத்தலையும் தோலாவிராவையும் சேர்த்து, எழுதுவதற்கு இடம் விட்டால் அது மிக நல்ல தாளாகிவிடும். பத்து நிமிட வேலை. ஆனால் வந்திருப்பது பிடிஎஃப். பல சமயங்களில் அச்சிட்ட தாளைக் கைப்பேசியால் படமெடுத்து மாற்றிய பிடிஎஃப். ஆகவே ஆசிரியர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிறார். இதே வேலையை இதே வாரத்தில் வேறு பல ஊர்களில் வேறு பல ஆசிரியர்களும் தனித்தனியே செய்துகொண்டிருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இதில் தமிழில் வேலை செய்பவர்கள் மட்டுமே அறிந்த ஒரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. நம் ஆசிரியர்களில் பலர் பாமினியிலோ வானவில் எழுத்துருவிலோ தட்டச்சு பழகியவர்கள். அந்த எழுத்துருவில் செய்த வேர்டு கோப்பை, அது நிறுவப்படாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக ஒன்றும் புரியாமல் கிடக்கும். அதற்கு அஞ்சித்தான் பலரும் பிடிஎஃப் ஆக்கி அனுப்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, சொந்த நேரத்தையும் சொந்தப் பணத்தையும் செலவிட்டு இந்தத் தாள்களை உருவாக்கும் அவர்கள் இல்லாவிட்டால் பல வகுப்பறைகளில் பாடநூலைத் தவிர வேறு எதுவும் இருந்திருக்காது. ஆயினும் எந்தக் கணினியிலும் எழுத்து மாறாமல் தெரியச் செய்யும் பொதுக் குறியீட்டு முறையான ஒருங்குறியை (யூனிகோடு) தமிழ்நாடு அரசு 2010இலேயே ஏற்று ஆணை பிறப்பித்துவிட்டது; இன்று எந்தக் கைப்பேசியிலும் ஒருங்குறித் தமிழைத் தட்டச்சு செய்ய முடிகிறது. ஒருங்குறியில் இருக்கும் பாடத்தைத் தேடலாம், வெட்டி ஒட்டலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம், பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்குத் திரைவாசிப்பான் மூலம் படித்துக் காட்டச் செய்யலாம். படமாக வரும் தாளில் இவற்றில் ஒன்றுகூட நடக்காது. உள்ளடக்கிய கல்வி என்று பயிற்சிகளில் நாம் பேசுவதெல்லாம் இந்தச் சிறிய இடத்தில்தான் தொடங்குகிறது.

நல்ல முன்மாதிரி எப்படி இருக்கும் என்பதற்கு எனக்கு மிகப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் என்னும் திட்டம், அறிவியலுக்கும் கணிதத்துக்கும் திரையில் தாமே செய்து பார்க்கும் பாவனைச் சோதனைகளை விலையின்றித் தருகிறது. ஆறாம் வகுப்பில் மின்னியல் பாடம் நடத்தும்போது பிள்ளைகளிடம் வழக்கமாகக் காணும் ஓர் எண்ணம் உண்டு: மின்கலத்திலிருந்து புறப்படும் மின்சாரத்தை விளக்கு தின்றுவிடுகிறது, மிச்சம்தான் திரும்பி வருகிறது என்று நம்புகிறார்கள். உண்மையான மின்கலமும் கம்பியும் விளக்கும் வைத்துக் காட்டினால் விளக்கு எரிவது தெரியும். கம்பிக்குள் நடப்பது தெரியாது. ஃபெட்டின் மின்சுற்றுச் சோதனையில் கம்பிக்குள் எலக்ட்ரான்கள் சிறு நீல உருண்டைகளாக நகர்கின்றன. விளக்குக்கு முன்னே அவை எந்த வேகத்தில் போகின்றனவோ, விளக்கைத் தாண்டியும் அதே வேகத்தில் போகின்றன. அதைப் பார்க்கும் பிள்ளைகள் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "அப்ப பேட்டரி ஏன் சார் தீர்ந்துபோகுது?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி எழுந்துவிட்டால் அந்தப் பாடவேளை வீண்போகவில்லை என்று பொருள். பிறகு இரண்டாவது விளக்கைத் தொடராக இணைத்தால் சுற்று முழுவதும் உருண்டைகள் மெதுவாகி இரண்டு விளக்குகளும் மங்குகின்றன. பக்க இணைப்பாக மாற்றினால் இரண்டும் பிரகாசமாக எரிகின்றன. அதன் பின்னர் உண்மையான கம்பியையும் விளக்கையும் கையில் கொடுத்தால், பிள்ளைகள் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்து பார்க்கிறார்கள். கையால் செய்யும் சோதனைக்கு மாற்றாகத் திரையை வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை; முன்னதைத் தெளிவாக்கப் பின்னது உதவினால் போதும்.

இந்தத் திட்டத்தை நான் மதிப்பதற்கு இன்னொரு காரணம், ஆசிரியரை அவர்கள் நடத்தும் விதம். ஒவ்வொரு சோதனையையும் ஒரே கோப்பாக இறக்கி, இணையம் இல்லாத பள்ளியிலும் இயக்கலாம். நடுவில் விளம்பரம் வராது. யூடியூபில் ஒரு நல்ல காணொளியைத் திரையில் ஓடவிட்டு, நடுவே கடன் செயலியின் விளம்பரம் வரும்போது பிள்ளைகளின் கவனம் எங்கே போகிறது என்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். தங்கள் மொழியில் பெயர்க்க விரும்புவோருக்கு அதற்கான கருவியையும் அவர்களே தருகிறார்கள். அப்படித்தான் சில சோதனைகள் தமிழிலும் கிடைக்கின்றன. நம் பாடநூலில் உள்ள கலைச்சொற்களோடு ஒத்துப்போகும்படி இவற்றைப் பெயர்க்கும் வேலையை மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் ஆசிரியர்களைக் கொண்டே செய்யலாம். கதைகளுக்கு ஸ்டோரிவீவர் இருக்கிறது: பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய தளம், அங்கே உள்ள கதையை எடுத்து எளிமைப்படுத்தி, வேறு மொழியாக்கி, புதிய கதையாகவே வெளியிடவும் அனுமதி உண்டு.

ஆசிரியர் கைவைத்தால் பாடப்பொருள் மேம்படும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் 1972இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குச் செய்து கற்கும் அறிவியலைக் கொண்டுவந்தது. அங்கே ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடி, எந்தச் சோதனை வகுப்பில் நடந்தது, எது சொதப்பியது, எந்தக் கேள்வியைப் பிள்ளைகள் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று பேசினார்கள். அந்த அனுபவம் பாடநூலுக்குள் திரும்பப் போனது. அரசு அந்தத் திட்டத்தை 2002இல் நிறுத்தியது இந்தியப் பள்ளிக் கல்விக்கு நேர்ந்த பெரிய இழப்பு என்றே கருதுகிறேன். அந்தச் சூழலோடு தொடர்புகொண்டு வளர்ந்த, எளிய பொருள்களில் அறிவியல் பொம்மைகள் செய்யும் அரவிந்த் குப்தா, தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு டியூபையும் கொண்டு முக்கோணம் ஏன் அசையாது, சதுரம் ஏன் சாய்ந்துவிடுகிறது என்று காட்டியதை இன்றும் கணித ஆசிரியர்கள் செய்துகாட்டுகிறார்கள். தம் நூல்களையும் பொம்மைச் செய்முறைகளையும் எவரும் எடுத்துக்கொள்ளத் தம் இணையதளத்தில் திறந்து வைத்திருக்கிறார் அவர். தமிழ்நாட்டில் 2022 முதல் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குச் சோதனைப் பொருள்களைக் கொண்டுசெல்லும் வானவில் மன்றத்தை நான் அந்த மரபின் தொடர்ச்சியாகப் பார்க்கிறேன்; அதன் செய்முறைத் தாள்களும் ஆசிரியர்களின் கருத்துகளால் ஆண்டுதோறும் திருந்த வேண்டும்.

சட்டம் தடுக்கிறதா என்று சிலர் கேட்கலாம். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், கற்பிக்கும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுப்பதை உரிமை மீறலாகக் கருதவில்லை. வகுப்புக்குள் நகலெடுப்பதில் ஆசிரியர் அஞ்ச வேண்டியதில்லை. அதைத் திருத்தி அடுத்த பள்ளிக்கு அனுப்பலாமா, இணையத்தில் ஏற்றலாமா என்னும்போதுதான் தயக்கம் வருகிறது. இதற்காகவே, தம் படைப்பைப் பிறர் எப்படிப் பகிரலாம், திருத்தலாம் என்று படைத்தவரே முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 முதல் இருக்கின்றன. யுனெஸ்கோவும் 2019இல் திறந்த கல்வி வளங்கள் பற்றிய பரிந்துரையை ஏற்று, திருத்தவும் பகிரவும் இடம் தரும்படி உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. தீக்ஷாவில் பல பாடங்களுக்கு இத்தகைய உரிமம் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் உரிமம் மட்டும் தந்துவிட்டு, திருத்தக்கூடிய மூலக்கோப்பைத் தராமல் முடிந்த காணொளியை மட்டும் கொடுத்தால் அந்த அனுமதியால் ஆசிரியருக்கு என்ன பயன்?

தமிழ்நாட்டுக்கு இந்த எண்ணம் புதிதும் அன்று. பாரதியாரின் படைப்புகளின் உரிமையை அரசு 1949இல் பெற்று, பின்னர் அவற்றை மக்களின் பொதுவுடைமையாக்கியது. அதன் பிறகு எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆகியிருக்கின்றன. ஒரு கவிஞரின் வாரிசுகளுக்குத் தொகை கொடுத்து உரிமையை வாங்கி மக்களுக்குத் தந்த அரசு, மக்கள் வரிப்பணத்திலேயே உருவான ஆறாம் வகுப்பு அறிவியல் படங்களைத் திருத்தக்கூடிய வடிவில் தருவதற்கு எந்தத் தடையும் இருக்கக் கூடாது.

ஆளாளுக்குத் திருத்தினால் பிழைகள் பெருகும் என்ற அச்சம் நியாயமானது. பொருளடக்கப் பிழையோடு சுற்றும் பணித்தாள்களை நானும் பார்க்கிறேன். ஆனால் பூட்டிய கோப்பில் உள்ள பிழை பூட்டியபடியே எல்லாப் பள்ளிகளுக்கும் போய்ச் சேர்கிறது. கண்டுபிடித்த ஆசிரியரும் அதைத் தன் வகுப்பில் வாயால் திருத்திவிட்டு விட்டுவிட வேண்டியிருக்கிறது. வட்டார வள மையங்களிலும் குறுவள மையங்களிலும் ஆசிரியர்கள் கூடும் நாள்கள் இருக்கின்றன. அங்கே ஒரு மணி நேரம் ஒதுக்கி, பாடவாரியாக ஒரு தாளைச் சரிபார்த்துப் பொது இடத்தில் ஏற்றினால் பிழை குறையும். அதிகாரபூர்வமான பதிப்பு எது, ஆசிரியர் திருத்திய பதிப்பு எது என்று தலைப்பிலேயே குறித்துவிட்டால் குழப்பமும் வராது.

ஆசிரிய நண்பர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பிடிஎஃப் அனுப்பும்போது அதன் மூலக்கோப்பையும் ஒருங்குறியில் சேர்த்து அனுப்புங்கள். உங்கள் பெயரைத் தாளின் அடியில் தெளிவாக எழுதுங்கள், திருத்தலாம், பகிரலாம் என்றும் ஒரு வரி சேருங்கள். அடுத்தவர் தாளைத் திருத்துபவர்கள் முதலில் உழைத்தவரின் பெயரை நீக்காமல் இருக்க வேண்டும். பெயரை வெட்டிவிட்டுத் தம் பெயரை ஒட்டும் பழக்கத்தால்தான் பலர் நீர்முத்திரை போட்டுப் பூட்டுகிறார்கள்.

பள்ளிக் கல்வித் துறை எங்கிருந்து தொடங்கலாம் என்றால், ஆறு முதல் எட்டு வரையிலான அறிவியல், சமூக அறிவியல் பாடநூல்களில் உள்ள படங்களையும் வரைபடங்களையும் தனித்தனிக் கோப்புகளாக வெளியிடலாம்: பாகங்களின் பெயர் குறித்தது ஒன்று, குறிக்காதது ஒன்று, இரண்டும் கருப்பு வெள்ளையில் நகலெடுத்தாலும் தெளிவாகத் தெரியும் கோட்டுப் படங்களாக. தாவர செல், மனித இதயம், தமிழ்நாட்டு ஆறுகள் எல்லாம் ஏற்கெனவே வரையப்பட்டு, அச்சுக்குப் போன கணினிகளில் இருப்பவைதாம். அவற்றை ஒரு கோப்புறையில் போட்டு, திருத்தவும் பகிரவும் அனுமதி தரும் ஒரு வரியோடு ஏற்றினால் போதும். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் செய்து முடிக்கக்கூடிய வேலைதான் இது.